மாமியாருக்கு முளை காணோம்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அக்கா. மடியில் இருப்பது எங்கள் மாமியார். பட்டால் வலிக்கும்.

ஐயோ, அப்படிப் பார்க்காதீர்கள்! எனக்குக் கல்யாணமெல்லாம் ஆகவில்லை. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை நான். சாக்கை விலக்கிக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள். வெறும் இரும்பு. லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய துண்டு. கோழி கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதுபோல வளைந்திருக்கிறதா? அலகு இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கிறதா? அவ்வளவுதான் மாமியார். கீழே வைத்தால் கொண்டை ஊசி வளைவில் உருண்டுபோய் யார் கால் விரலையாவது நசுக்கும். அதனால்தான் மடி.

எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறீர்களா, நல்லது. முகர்ந்துகொண்டே கேளுங்கள். கதை கேட்டால் வாந்தி வராது. இது நான் கண்டுபிடித்தது.

கொடைக்கானலில் பழக்கூடை வாங்கியிருக்கிறீர்களா? பிளம்ஸும் பேரிக்காயும் அடுக்கி, பளபளவென்று கண்ணாடித்தாள் சுற்றி, தூக்கிப் போக வளைவாகக் கைப்பிடி வைத்துக் கொடுப்பார்களே, அந்தக் கூடை. அது ஒன்றும் மலையில் காய்ப்பதில்லை. கீழே வத்தலக்குண்டில் எங்கள் ஷெட்டில் செய்வது. சில்வர் ஓக் மரத்தை மெல்லிசாகச் சீவி, அந்தச் சீவலில் பின்னுவோம். மற்ற பெண்கள் பின்னுவார்கள், விளிம்பு கட்டுவார்கள். கைப்பிடி வைத்து ஆணி அடிப்பது என் அம்மா. அம்மா மட்டும்தான். நான் லீவுக்கு ஒத்தாசை. ஒத்தாசை என்று நான் சொல்கிறேன், உபத்திரவம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

மாமியாரின் கழுத்தில் கூடையை மாட்டினால் அலகு கூடைக்கு உள்பக்கம் ஒட்டி நிற்கும். வெளியே கைப்பிடியை வைத்துப் பொடி ஆணியை அடிக்கவேண்டும். ஆணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போகும். அங்கே மாமியார் நிற்கிறாரா, முட்டும். போக இடமில்லை. தலையைக் குனிந்து, வளைந்து, மறுபடி மரத்துக்குள்ளேயே போய்ப் பதுங்கிக்கொள்ளும். பெயர் வைத்தது குருவம்மா அத்தை. அத்தைக்கு மூன்று மருமகள்கள். அனுபவம்.

'டம்டம் பாறை எறங்குறவங்கல்லாம் முன்னால வாங்க! தூங்குறவங்கள எழுப்பிவிடுங்கப்பா!'

இப்போது கேட்டதே, அது கண்டக்டர் இல்லை அக்கா, நான். பாவம், அந்தக் குல்லா போட்ட அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார். உக்காருங்கண்ணே, இன்னும் வரல!

அதோ, டிரைவருக்குப் பின் சீட்டில் நீலச் சேலை திரும்பி முறைக்கிறதே, அதுதான் என் அம்மா. சலேத்மேரி. பஸ் ஏறினாலே அம்மாவுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும், கல்யாணத்துக்குக்கூடப் போகாத ஆள். இன்றைக்கு விடிவதற்கு முன்பே குளித்து, இதோ மூன்றாவது வளைவு தாண்டியும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் இந்த இரும்புக்காக.

விஷயம் என்னவென்றால், மாமியாருக்கு முளை காணோம். கழுத்தடியில் ஓட்டை தெரிகிறதா? அதில் விரல் தடிமனுக்கு ஒரு மரமுளை இருக்கவேண்டும். கூடை அதில் போய் முட்டி நிற்கும். அது இருந்தால்தான் கைப்பிடியின் இரண்டு முனையும் எதிரெதிரே சரியாக விழும். இல்லாவிட்டால் கூடை வழுக்கிக்கொண்டு போகும், கைப்பிடி கோணிக்கொள்ளும். கோணல் கூடையைத் தூக்கினால் பழமெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து வாங்கியவர் காலில் விழும். பிளம்ஸ் சீசன் உச்சத்தில் இருக்கிறது, கடைக்காரர்கள் போன் மேல் போன். முளை செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர். அவர் கோபித்துக்கொண்டு பண்ணைக்காட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தேடித்தான் இந்த மலையேற்றம்.

ஏன் கோபித்துக்கொண்டார் என்றா கேட்கிறீர்கள்? அதுதானே கதையே!

எனக்கு யார் குரல் வேண்டுமானாலும் வரும் அக்கா. கேட்டால் போதும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் முதலாளி நல்லமுத்து ஒரு பிரஷர் குக்கர். அடியில் மெதுவாகக் கொதிப்பார்: 'என்னம்மா… என்ன நடக்குது… நான் கேக்குறேன்ல… கேக்குறேன்ல்ல்ல்…' அப்புறம் விசில். குருவம்மா அத்தை வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவார், பாதி வார்த்தை வெற்றிலைக்கு, பாதி நமக்கு. 'ழேய் ஜெனோ, ழங்க வாழி.' என் முழுப்பெயர் ஜெனோவா. அத்தை வாயில் அதுவும் முழுசாக வராது.

இன்னாசி மேஸ்திரிதான் எனக்கு ரொம்பப் பிடித்த குரல். அவர்தான் இப்போது கோபித்துக்கொண்டவர். 'வந்து… க்ஹும்… அதாவது…' இந்த மூன்றும் இல்லாமல் அவரால் பேச்சைத் தொடங்கவே முடியாது. கூரையில் தீப்பிடித்தால், 'வந்து… க்ஹும்… அதாவது… தீ' என்று அவர் முடிப்பதற்குள் கூரை இருக்காது. நல்ல உயரம், மீசை மட்டும் துருப்பிடித்த நிறம். சம்சாரம் செத்துப் பல வருஷமாம். எங்கள் அப்பாவும் நான் பால்வாடிக்குப் போன காலத்திலேயே இறந்துவிட்டார். அதைச் சொல்லவரவில்லை, மேஸ்திரியைச் சொல்லவந்தேன்.

மாமியாரைச் செய்ததே அவர்தான். அதற்கு முன்னால் எல்லாம் அம்மா இடது கையில் ஒரு கல்லை வைத்துக் கூடைக்குள் அணை கொடுத்து அடிப்பாள். கல் நழுவும். ஆணி முனை கையைக் கிழிக்கும். பூனை பிறாண்டியதுபோலவே இருக்கும் அம்மாவின் விரல்கள். ஒருநாள் அம்மா கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு வேலை செய்ததை மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றார். மறுவாரம் இந்த இரும்போடு வந்தார். பாருங்கள், அந்த மனிதருக்குப் பழத்தின் மேல் எவ்வளவு அக்கறை! முனை மடங்காவிட்டால் பிளம்ஸில் கீறல் விழும் அல்லவா?

ஆனால் அம்மாவை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதை நான் அடித்துச் சொல்வேன். கேளுங்கள். மேஸ்திரி சீவல் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், எங்களைப் பார்க்கமாட்டார், காதாலேயே மேஸ்திரி வேலை. டக், டக், டொக். முதல் இரண்டும் ஆணி இறங்குகிற சத்தம். மூன்றாவது, முனை மாமியாரிடம் குனிகிற சத்தம். அந்த 'டொக்' வராவிட்டால் உடனே கட்டுக்குப் பின்னாலிருந்து, 'வந்து… சலேத்தம்மா, மூணாவது விழலையே… கை கிய் பட்டிருச்சா?' குருவம்மா அத்தை ஒருநாள் சுத்தியலைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டு ஷெட்டே அதிரக் கத்தினார், மேஸ்திரி எட்டிப் பார்க்கவில்லை! அம்மா ஒரு ஆணியைத் தப்பாக அடித்தால் மட்டும் காது நிமிர்ந்துவிடும். குற்றம் கண்டுபிடிப்பதென்று ஒரு ஆளைக் குறிவைத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

இன்னொன்று. எல்லாரையும் 'ஏ குருவம்மா', 'ஏ ஜெனோ' என்று கூப்பிடுவார். அம்மாவை மட்டும் 'சலேத்தம்மா, நீங்க'. ஒட்டாத ஆட்களிடம்தானே நாம் அப்படிப் பேசுவோம்?

அதனால் நான் அம்மா சார்பில் சண்டையில் இறங்கினேன்.

முதலில் சத்தத்தைப் பிடித்தேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் டக். கன்னத்தைக் குழித்து விட்டால் டொக். கேட்டீர்களா? அசல் மாமியார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண் சொருகும். 'தூங்குங்க, நான் பாத்துக்கிறேன்' என்றேன். அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் டக் டக் டொக், டக் டக் டொக். நடுநடுவே கூடை மாற்றுகிற இடைவெளிகூட விட்டேன். மேஸ்திரி ஏமாந்தே போனார்!

ஒருநாள் மட்டும் என்னவோ சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தார். நான் சீவலுக்குள் பதுங்கிக்கொண்டு டக் டக் விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தால், அம்மா தூங்குகிறாள், சுத்தியல் கீழே கிடக்கிறது, சத்தம் மட்டும் வருகிறது! மனிதர் சிலை மாதிரி நின்றார் அக்கா. ரொம்ப நேரம். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி அடிமேல் அடிவைத்துத் திரும்பிப் போனார். பேய் என்று பயந்துவிட்டார்! சிரிப்பை அடக்க நான் சீவலைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் குரலில் இறங்கினேன். அம்மா தனியாக இருந்த நேரம், கட்டுக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி குரலில், 'வந்து… க்ஹும்… சலேத்தம்மா, அதாவது… இந்தப் பச்சைச் சேலை நல்லால்ல. அந்த நீலத்தைக் கட்டலாம்ல?' என்று போட்டேன். அம்மா கோபக்காரி. சுத்தியலோடு எழுந்து வருவாள், ஷெட்டில் பெரிய ரகளை நடக்கும் என்று காத்திருந்தேன். டக் டக் சத்தம் கொஞ்சம் நின்றது. மறுபடி ஓடியது. அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் அம்மா நீலச் சேலையில் வந்து நிற்கிறாள்! எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு மேஸ்திரிக்கு இப்படியா பயப்படுவது?

சரி, இந்தப் பக்கம் வேகாவிட்டால் அந்தப் பக்கம். அம்மா குரலில் மேஸ்திரியிடம், 'என்ன மேஸ்திரி, மீசை துருப்பிடிச்ச ஆணி மாதிரி இருக்கு, கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?' என்றேன். ஒரு ஆம்பிளையை மீசையில் தொட்டால் எப்படிக் குதிக்கவேண்டும்? குதிக்கவில்லை. மறுநாள் மீசையைக் கத்தரித்து, கறுப்படித்து, பக்கத்தில் போனால் மருதாணி வாசம் வேறு! இரண்டு பேருக்கும் ரோஷம் என்பதே கிடையாது அக்கா. நான் கொள்ளி வைக்கிற இடமெல்லாம் ஈர விறகு.

குருவம்மா அத்தை மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, காலி வாயோடு தெளிவாகச் சொன்னார். 'அடியே, நீ என்ன வேலை பாக்குறேன்னு உனக்கே தெரியல. நல்லாப் பாரு, நிறுத்திராத.' அத்தையிடம் பாராட்டு வாங்குவது சாதாரண விஷயமா? நானும் உற்சாகத்தில் கொஞ்சம் பெரிசாகப் போனேன்.

அங்கேதான் என் வேடிக்கைக்கே முளை கழன்றது.

அன்றைக்கு அம்மா எதிர்க்கடைக்குச் சோடா வாங்கப் போயிருந்தாள். மேஸ்திரி கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் அம்மா குரலை எடுத்தேன். நல்ல கடுப்பான குரல், எனக்குப் பாத்திரம் கழுவச் சொல்லும்போது வருமே, அது. 'மேஸ்திரி, எப்பப் பாத்தாலும் என் வேலையிலேயே காது வச்சுக்கிட்டு இருக்காதீங்க. நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க. உங்களுக்கு ஊர்ல ஆரஞ்சுத் தோட்டம் இருக்குல்ல, போய் அதப் பாருங்க.'

ஈ பறந்தால் கேட்கும். அப்புறம் அந்தப் பக்கமிருந்து, 'வந்து… சரி சலேத்தம்மா. அதாவது… சரி.'

மறுநாள் மேஸ்திரி வரவில்லை. முதலாளியிடம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாராம். எங்களுக்குத் திருவிழா! காது இல்லாத ஷெட்! சத்தமாகப் பேசலாம், பாடலாம், தூங்கலாம். நான் முதலாளி குரலில் விசில் அடித்து ஆடினேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் டக், டக், … டக். டொக் வரவே இல்லை. கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிற்று. சோற்றைப் பிசைந்து பிசைந்து காக்காவுக்குப் போட்டாள். ஒவ்வொரு ஆணிக்கும் அடுத்து, சீவல் கட்டுப் பக்கம் ஒரு பார்வை. மேஸ்திரி திரும்பி வந்துவிடுவாரோ என்று பயம்போலும். பாவமாக இருந்தது. அம்மாவைச் சிரிக்கவைக்கவேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினேன். அம்மா குரல், மேஸ்திரி குரல், ஈ பறக்கிற சத்தம், எல்லாம்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை அக்கா! அவ்வளவு நல்ல நடிப்புக்கு! குருவம்மா அத்தை, 'பாவி மக்கா' என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். சரி, அறை விழப்போகிறது என்று கன்னத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டேன். விழவில்லை.

'அவரு கடைசியா என்ன சொன்னாரு? திருப்பிச் சொல்லு.'

'வந்து… சரி சலேத்தம்மா. அதாவது… சரி.'

'இன்னொரு தடவ.'

சொன்னேன்.

'இன்னொரு தடவ சொல்லு ஜெனோ.'

ஒரு வேடிக்கையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதில் ருசி இருக்குமா? ஆனால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அவ்வளவு அச்சாக வந்திருக்கிறது போலும் என்று.

அதற்கு அடுத்த நாள்தான் முளை காணாமல் போனது. வேறு ஒன்றும் போகவில்லை, முளை மட்டும். முதலாளி குக்கர் கொதித்தார். 'ஒரு குச்சிதானம்மா… செதுக்கிச் செருக வேண்டியதுதானம்மா… நான் கேக்குறேன்ல…' அவரே ஒரு குச்சியைச் சீவிச் செருகியும் கொடுத்தார். எனக்கென்னவோ கச்சிதமாக இருந்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, 'ஆடுது' என்றாள். இன்னொன்று. 'இது சாஞ்சிருக்கு.' இன்னொன்று. 'மரம் சரியில்ல. இதுக்கு அவருதான் வேணும். அளவு அவருக்குத்தான் தெரியும்.' முதலாளி விசில் அடித்து ஓய்ந்து, 'அப்பக் கொண்டுக்கிட்டுப் போயேன்ம்மா!' என்றார். அம்மா அதற்காகவே காத்திருந்ததுபோல, 'போறேன்' என்றாள்.

கையில் தூக்குச்சட்டி வைத்திருக்கிறாளே, அதில் நாட்டுக்கோழிக் குழம்பு. முளை செய்கிறவர் பட்டினியாகவா செய்வார் என்று கேட்கிறாள். எனக்கு அதில் ஒரு துண்டு தரவில்லை.

இப்போது கேளுங்கள், இதுதான் உச்சம். கிட்டே வாருங்கள், அம்மாவுக்குக் கேட்கக்கூடாது. காலையில் சில்லறைக்காக அம்மாவின் பர்ஸைத் திறந்தேன். கைக்குட்டையில் ஏதோ மடித்து வைத்திருந்தது. மாதா சுரூபம் என்று நினைத்துப் பிரித்தேன். என்ன இருந்தது தெரியுமா?

இதோ. உள்ளங்கையைப் பாருங்கள்.

முளை!

அம்மாவே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்! எனக்கு எங்கிருந்து இந்தக் குறும்பு வந்தது என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன். முதலாளியை ஏமாற்றி, ஷெட்டை ஏமாற்றி, என்னையே ஏமாற்றி இந்தக் கனத்தைத் தூக்க வைத்திருக்கிறாள். விடுவேனா? நைஸாக எடுத்து வைத்துக்கொண்டேன். இறங்கியதும் மேஸ்திரி முன்னால் அம்மா, 'முளையக் காணோம், தேடாத இடமில்ல' என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்வாள் பாருங்கள், அப்போது சரியாக, டடாங்! 'இந்தா இருக்கு மேஸ்திரி! அம்மா பர்ஸ்ல இருந்துச்சு!' அம்மா முகம் போகிற போக்கு எப்படி இருக்கும்! முளையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

என்ன அக்கா, சிரிப்பீர்கள் என்று பார்த்தால் கையைப் பிடிக்கிறீர்கள்?

என்னது, தூக்கிப் போடவா? ஜன்னல் வழியாகவா? முளையையா? ஏன்?

எதுக்கு அக்கா கண்ணைத் துடைக்கிறீர்கள், தூசியா? ஜன்னலைச் சாத்தவா? சொல்லமாட்டீர்களா? போடு, போடு என்றால் எப்படி? காரணம் வேண்டாமா? இது இருந்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். இது இல்லை என்றால் மேஸ்திரி புதுசாக மரம் தேடவேண்டும், அறுக்கவேண்டும், காயவைக்கவேண்டும், செதுக்கவேண்டும். நாள்கணக்கில் ஆகும். அதுவரை அம்மா அங்கேயே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான், அவரும் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு…

அட!

அட அக்கா, நீங்கள் என்னைவிடப் பெரிய கேடி! பிடிக்காத இரண்டு பேரை ஒரே இடத்தில் கட்டிப்போடுவதா! ஒரு டடாங்கோடு முடிகிற வேடிக்கையை நாள்கணக்கில் இழுப்பதா! பார்த்தால் எலுமிச்சம்பழம் முகர்கிற அப்பாவி மாதிரி இருக்கிறீர்கள்!

இந்த வளைவு வரட்டும். பள்ளத்துப் பக்கம் திரும்பும்போது… இதோ.

போயிற்று. சத்தம்கூடக் கேட்கவில்லை. டொக் என்றாவது சொல்லியிருக்கலாம், முளை.

இனி அம்மா பர்ஸைத் திறந்தால் வெறும் கைக்குட்டைதான் இருக்கும். தொலைந்தது என்று சொன்ன பொருள் நிஜமாகவே தொலைந்துவிட்டது என்று யாரிடம் போய்ப் புகார் செய்வாள்?

வந்துவிட்டது அக்கா, ஊத்து ஸ்டாப்பும் தாண்டிவிட்டோம், அதோ பண்ணைக்காடு. பாருங்கள், பாருங்கள், தலைசுற்றுகிற ஆள் முதலில் எழுந்து நிற்கிறதை! பஸ் இன்னும் நிற்கவே இல்லை. கொஞ்சம் இந்தச் சாக்கைப் பிடியுங்கள், நான் இறங்கி வாங்கிக்கொள்கிறேன். டிரைவர் டீ குடிக்கப் போகிறார், இப்போதைக்குப் பஸ் கிளம்பாது. நான் ஜன்னலுக்குக் கீழேயே நிற்கிறேன். நீங்கள் தலையை மட்டும் நீட்டுங்கள்.

யார் அங்கே நிற்பது? மேஸ்திரி! நாங்கள் வருகிறோம் என்று இவருக்கு யார் சொன்னது? அட, குருவம்மா அத்தை கையில் போன் வேறு எதற்கு இருக்கிறது! சலவைச் சட்டை, மீசை இன்னும் கறுப்பு. முழங்கால் வலி என்ற ஆள் ஓடிவந்து அம்மா கையிலிருந்து தூக்குச்சட்டியை வாங்குகிறார். இரும்பை வாங்கவில்லை பாருங்கள், அது என் தலையெழுத்து.

இருங்கள், அம்மா என்னிடமிருந்து மாமியாரை வாங்கிப்போய் அவரிடம் நீட்டுகிறாள், பேசுகிறார்கள். 'வந்து… க்ஹும்… என்ன ஆச்சு இதுக்கு?' அம்மா சொல்கிறாள், 'முளையக் காணோம் மேஸ்திரி. தேடாத இடமில்ல.' நான் சொன்னேனா இல்லையா, அதே முகம்! இப்போது மாமியாரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சட்டைப் பையில் கைவிடுகிறார். அக்கா! அக்கா, பார்த்தீர்களா? பையில் முளை வைத்திருக்கிறார்! புதுசு, வெள்ளையாக, சீவி வழவழவென்று! முன்னமே செய்து வைத்திருக்கிறார்! போச்சு, எல்லாம் போச்சு, ஒரு நிமிஷத்தில் மாட்டிவிடுவார், அடுத்த பஸ்…

இல்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

'வந்து… அதாவது… இதுக்கு நல்ல மரம் வேணும் சலேத்தம்மா. தேடணும். நாளாகும்.'

பொய்! பையில் வைத்துக்கொண்டே பொய்! இந்த ஊரில் யாராவது ஒருத்தர் உண்மை பேசுவார்களா அக்கா? அம்மாவும் பார்த்துவிட்டாள், அவர் பையையே பார்க்கிறாள், சத்தியமாகப் பார்த்துவிட்டாள். இப்போது விடமாட்டாள். சண்டைதான். வாயைத் திறக்கிறாள்…

'வந்து… க்ஹும்… சரி மேஸ்திரி. அதாவது… சரி.'

கேட்டீர்களா? அது நான் இல்லை! சத்தியமாக நான் இல்லை, நான் வாயையே திறக்கவில்லை! அம்மா! அம்மா மேஸ்திரி குரலில் பேசுகிறாள், அச்சு அசலாக, அந்தத் தொண்டைக் கரகரப்போடு! இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு ஒருநாளாவது காட்டினாளா?

மேஸ்திரி சிரிக்கிறார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. எங்கோ அடியிலிருந்து, மூடி கழன்றதுபோல வருகிறது. இருங்கள், இது எனக்கு வேண்டும், இதைப் பிடித்துவிட்டால் ஷெட்டில் ஒரு மாசத்துக்குத் தாங்கும். ஹக்… இல்லை. க்ஹ… அதுவும் இல்லை.

டிரைவர் வந்துவிட்டாரா? கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள் அக்கா, ஒரே நிமிஷம். ஹஹ்… சே. எல்லார் குரலும் வருகிறது, இது மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? மறுபடி சிரிக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். பேசாமல் இருங்கள் அக்கா, கேட்கவிடுங்கள்.